பாப்பா விழுங்கிய திருகாணி

ஆகஸ்ட் 3, வியாழன்

மாவு பொங்கி ஃபிரிட்ஜின் இரண்டாம் தட்டு முழுக்க வழிந்து கிடந்தது. விடிந்ததும் முதல் வேலை அதைத் துடைத்ததுதான். நித்திலாவும் உதவிக்கு வந்து, மாவில் கையை வைத்து, அந்தக் கையைச் சுவரில் வைத்தாள். பிறகு சுவரைத் துடைத்தேன்.

பேச்சி பயிற்சிக்குத் திருச்சி போய் மூன்று வாரம் ஆகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் வேலை. வயிற்றில் பிள்ளையோடு படித்தாள், பிறகு மடியில் பிள்ளையோடு படித்தாள். ஆர்டர் வந்த அன்று அவள் வீட்டு ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டது ஒரே கேள்வி: "பச்சப்பிள்ளைய யாரு பாத்துக்கிடுவா?" "நான் பாத்துக்கிறேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னவன் நான். சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது.

நித்திலாவின் இடது காது இன்னும் ஆறவில்லை. ஜூன் மாதம் காது குத்தி, தாய்மாமன் போட்ட தோடு. வலது காது சரியாகிவிட்டது, இடது காதில் லேசாகச் சீழ். திருகாணியைத் தொடவே கூடாது, உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சுற்றிலும் துடைத்தால் போதும் என்று பேச்சி பஸ் ஏறும்வரை சொல்லிவிட்டுப் போனாள். சுற்றிலும் துடைத்தால் உள்ளே எப்படிச் சுத்தமாகும்? சாயங்காலம் நானே திருகாணியைக் கழற்றி நன்றாகத் துடைத்துவிட்டேன். திரும்ப மாட்டிக்கொண்டிருக்கும்போது ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து முதலாளி செல்வின் அழைத்தார். பேச்சி வரும்வரை வீட்டிலிருந்தே டிசைன் செய்துகொடுக்கச் சம்மதித்த நல்ல மனிதர். அதற்குப் பலனாக எந்நேரமும் அழைப்பார். அவசரமாக ஒரு காதணி விழா பேனர் வேண்டுமாம். மாமன்மார் அத்தனை பேர் படமும் வர வேண்டும், ஒருவர் படம் இன்னொருவர் படத்தைவிடச் சிறிதாகிவிடக் கூடாது. பேசி முடிக்க நேரமாகிவிட்டது.

பாப்பாவின் காது இப்போது பளிச்சென்று இருக்கிறது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. தயிர்ச்சோறு. பேனரில் மாமன்மார் பதினொரு பேர்.

ஆகஸ்ட் 5, சனி

இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

மத்தியானம் சோறு ஊட்டிவிட்டுப் பேனர் மாமன்மாரோடு உட்கார்ந்தேன். நித்திலா பின்னால் பாயில் விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. இவளிடம் சத்தம் இல்லையென்றால் ஏதோ காரியம் நடக்கிறது என்று அர்த்தம். அது தெரிந்தும், கிடைத்த அமைதி கிடைக்கட்டும் என்று திரும்பாமல் இருந்தேன். கடைசியில் திரும்பியபோது தோடு பாயில் கிடக்கிறது, திருகாணியைக் காணோம், இவள் வாய் எதையோ மென்றுகொண்டிருக்கிறது. பல்லில் 'டிக்' என்று ஒரு சத்தம். நான் கிட்டே போவதற்குள் விழுங்கிவிட்டாள்.

விழுங்கியதும் ஒரு இருமல். கண் இரண்டும் நிறைந்து முகம் சிவந்தது. தூக்கிக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. இருமல் நின்றதும் என்னைப் பார்த்து, "நல்லால்ல" என்றாள். மிட்டாய் சரியில்லை என்று கடைக்காரரிடம் சொல்வதுபோல.

மாடியில் வீட்டுக்காரர் ரோஸ்மேரி டீச்சர் இருந்தார். சனிக்கிழமை என்பதால் பள்ளிக்கூடம் இல்லை, என் அதிர்ஷ்டம். நான் வண்டி ஓட்ட, பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவந்தார். வழியெல்லாம் ஜெபம், நடுநடுவே "மெல்லப் போங்க தம்பி". குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்ன விலா எலும்புகளுக்குக் கீழே, வெள்ளையாக, தலையும் தண்டுமாக ஒரு திருகாணி.

டாக்டரம்மா சாவகாசமாகச் சொன்னார். "மூச்சுக் குழாய்க்குப் போகல, இரைப்பைலதான் இருக்கு. முனையும் மொட்டையாத்தான் இருக்கு. நாலஞ்சு நாள்ல மோஷன்ல வந்துரும். ஒவ்வொரு தடவையும் பாருங்க. வாந்தி, வயித்து வலி, ரத்தம், இதுல எது வந்தாலும் ஒடனே தூக்கிட்டு வாங்க. வரலன்னா வியாழக்கிழம இன்னொரு எக்ஸ்ரே. எடம் மாறாம அங்கயே நின்னா திருநெல்வேலிக்கு அனுப்பணும், மயக்க மருந்து குடுத்துக் குழாய் விட்டு எடுப்பாங்க."

மூன்று வயது இன்னும் முடியவில்லை. இந்தப் பிள்ளைக்கு மயக்க மருந்து.

"திருகாணி எப்படிக் கழண்டுச்சு?" என்று கேட்டார்.

"தானாக் கழண்டுருக்கும் டாக்டர்" என்றேன்.

பேச்சியிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை அவளுக்குத் தேர்வு. அதை எழுதாவிட்டால் அடுத்த பேட்சோடு சேர்ந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். சொன்னால் அடுத்த வண்டியிலேயே ஏறிவிடுவாள். அதனால்தான் சொல்லவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வரவில்லை. அதாவது, எதுவுமே வரவில்லை. நித்திலா பிளாஸ்டிக் பேசினில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள், நான் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு கதை சொன்னாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

டீச்சர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கி வந்தார். "பழத்தோட சேந்து வழுக்கிக்கிட்டு வந்துரும் தம்பி." டாக்டரம்மா எப்போதும்போல் சாப்பாடு, நிறையத் தண்ணீர் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனாலும் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தேன். பாதியை அவள் தின்றாள், மீதியை லேப்டாப் தின்றது.

சாயங்காலம் பேச்சி வீடியோவில் அழைத்தாள். அதற்கு முன்பே நித்திலாவுக்குக் காதை மூடிக் குல்லாய் மாட்டிவிட்டேன்.

"என்னங்க, கோவில்பட்டில குல்லாவா? வெயில் அடிக்கலயா?"

"ஆடிக் காத்து பேச்சி. காதுல அடிச்சா சளி பிடிச்சுரும்."

"பரவால்லயே, பொறுப்பா இருக்கீகளே" என்று சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அறையில் நான்கு பேராம், விளக்கை அணைக்க மாட்டேன் என்கிறார்களாம். சிக்னல் விதி ஒன்றை ஒப்பித்துக் காட்டினாள். நான் தலையாட்டினேன். என் கவனமெல்லாம் குல்லாயில் இருந்தது, ஏனென்றால் நித்திலா அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 7, திங்கள்

காலையில் வந்தது. திருகாணி இல்லை.

முறையைச் சொல்லிவிடுகிறேன். பழைய டீ வடிகட்டி ஒன்று, கையுறை, ஊதுபத்திக் குச்சி இரண்டு, குழாயை மெதுவாகத் திறந்துவைத்துக் கரைக்க வேண்டும். முதலில் குமட்டியது. பிறகு குமட்டல் போய், ஏதோ தொலைந்த சாமானைத் தேடுகிற கவனம் வந்துவிட்டது. தக்காளித் தோல் கிடைத்தது. கடுகு கிடைத்தது. ஊதா நிறத்தில் ஒரு மெழுகு பென்சில் துண்டு கிடைத்தது. அதை எப்போது தின்றாள் என்று எனக்குத் தெரியாது. நாள் முழுக்க இவளோடுதான் இருக்கிறேன், இவளைப் பார்த்துக்கொள்வதாகத்தான் நினைத்துக்கொண்டும் இருக்கிறேன்.

மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அழுதாள். அந்த ஓட்டத்தை எழுதுவதற்குத் தெம்பில்லை. இந்தத் தடவை டீச்சரும் இல்லை. தாவணித் துணியால் பிள்ளையை என் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். "வாயுதான். என்ன குடுத்தீங்க?"

"வாழப்பழம்."

"எத்தன?"

சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு எக்ஸ்ரே எடுத்திருக்கலாம்.

சிரித்துக்கொண்டே நித்திலாவிடம் கேட்டார். "ஏங்கண்ணு, அத ஏன் முழுங்குன?"

"அப்பா 'ஏய்'ன்னு கத்துச்சு. முழுங்கிட்டேன்."

குழந்தை எதையாவது உளறும் என்று நான் சொன்னேன். டாக்டரம்மா மருந்து எழுதினார். "திடீர்னு கத்தாதீங்க சார். பயத்துல உள்ள இழுத்துரும். பக்கத்துல போய்க் கைய நீட்டிக் கேளுங்க, துப்பிரும்" என்று மட்டும், யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பிள்ளை தூங்கியதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சளைத்துப்போய்விட்டேன், வேறொன்றும் இல்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் செல்வினிடமிருந்து ஏழு அழைப்பு. ஒரு மாமன் விடுபட்டுவிட்டாராம்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

காலையில் கொஞ்சம் வந்தது. அதிலும் இல்லை.

இரண்டு நாளாகச் சேர்ந்த துணியைத் துவைத்தேன். பால்காரர் வரவில்லை. பன்னிரண்டாவது மாமனை நுழைக்க இடம் இல்லாமல், காது குத்தும் குழந்தையின் படத்தைச் சிறிதாக்கினேன். யாரும் கவனிக்கவில்லை.

பேச்சி வழக்கத்தைவிட முன்னதாகவே அழைத்துவிட்டாள். குல்லாயைத் தேடி மாட்டி, போனை எடுத்துச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்தேன். "பிள்ள என்ன பண்ணுது?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் நித்திலா போனுக்குள் முகத்தை நுழைத்து, பெரிய செய்தி சொல்லும் பெருமையோடு சொன்னாள்.

"அம்மா, அப்பா ஆயியச் சலிக்குது."

பேச்சி சிரித்துவிட்டாள். "என்னது?"

"டீ வடிக்கிறதுல. தெனமும்."

சிரிப்பு பாதியில் நின்றது. பேச்சி என்னைப் பார்த்தாள். எட்டு வருடக் கல்யாணத்தில் அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான்.

"அந்தக் குல்லாயக் கழத்துங்க."

கழற்றினேன். காலிக் காது.

எல்லாவற்றையும் சொன்னேன். திருகாணி கழன்றது, விழுங்கியது, எக்ஸ்ரே, வியாழக்கிழமை, திருநெல்வேலி. அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் விதிமுறை எண் சொல்லிப் படித்துக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"எம்பிள்ள வயித்துல ஆணிய வச்சுக்கிட்டு, எங்கிட்ட ஆடிக் காத்துன்னு சொன்னீகளா?"

"பரீட்ச இருக்கேன்னுதான் பேச்சி…"

"பரீட்சைக்காகவா? இல்ல, ஒத்தையில சமாளிச்சேன்னு நாளைக்கு எங்க ஆளுக முன்னாடி சொல்லிக்கிடவா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கே டவர் சரியாகக் கிடைப்பதில்லை.

"அந்தத் திருகாணியத் தொடாதீகன்னு எத்தன தடவ சொன்னேன்? நான் முறுக்குனது தானாக் கழறாது."

அதற்கும் டவர் கிடைக்கவில்லை.

அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குச் சாயங்கால வண்டிக்கு வாறேன். பரீட்ச எழுத வேண்டாம். அடுத்த பேட்ச்ல பாத்துக்கிறலாம்" என்றாள்.

வேண்டாம், நீ இருந்து எழுது, இங்கே நான் இருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வா" என்று வந்தது.

"ம்" என்று வைத்துவிட்டாள்.

படுத்தால் உடனே தூங்கிப்போவேன். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் அப்படி ஒரு தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.

ஆகஸ்ட் 9, புதன்

காலை:

வந்துவிட்டது! வந்துவிட்டது!

வடிகட்டியில் 'டிக்' என்றது. அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. கழுவினேன், டெட்டாலில் போட்டேன், வெந்நீரில் போட்டேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு வளைவு இல்லை, ஒரு கீறல் இல்லை. நித்திலாவைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஆடினேன். எதற்கென்று தெரியாமலே அவளும் ஆடினாள். டாக்டரம்மாவுக்குச் சொன்னேன். இனிமேல் எக்ஸ்ரே வேண்டாம், காது ஆறும்வரை தோடும் வேண்டாம் என்றார். டீச்சர் மாடிப்படியிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

பேச்சிக்கு உடனே சொல்ல வேண்டும். இப்போது வகுப்பில் இருப்பாள். இடைவேளையில் சொல்லலாம்.

மதியம்:

இடைவேளையில் டீ குடிக்க விட வேண்டாமா? சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்று இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் எனக்கு வேலை வந்துவிட்டது. வீட்டைக் கூட்டித் துடைத்தேன், சுவரில் இருந்த மாவுக் கையைச் சுரண்டினேன், படுக்கை விரிப்பை மாற்றினேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். அது பேச்சிக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். வீடு அழுக்காக இருந்தது, அதனால்தான்.

"அம்மாவக் கூப்ட டேசனுக்குப் போவமா?" என்று நித்திலாவிடம் கேட்டுவைத்தேன். அதிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை செருப்பை எடுத்துக்கொண்டு வருகிறாள்.

டீச்சர் எட்டிப் பார்த்து, "பேச்சிட்டச் சொல்லிட்டீங்களா தம்பி? அந்தப் பொண்ணு தவிச்சுப்போய் இருக்குமே" என்றார்.

"சொல்லிட்டேன் டீச்சர்" என்றேன்.

மாலை:

நான்கு மணிக்குப் பேச்சியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'பரீட்ச எழுதலன்னு கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்துட்டு வரணுமாம். வார்டன்ட்ட நிக்கிறேன். அடுத்த பேட்ச் ஜனவரிலதானாம். பரவால்ல. பிள்ளைக்குத் தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க.'

அந்தப் 'பரவால்ல'வையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் இவளை ஆட்டிக்கொண்டு அவள் படித்த இரவுகளில் எத்தனையோ முறை நான் "வந்து படு பேச்சி" என்று கூப்பிட்டிருக்கிறேன். ஒருநாள்கூடப் பரவாயில்லை என்று புத்தகத்தை மூடியவள் இல்லை.

அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்ன? பிள்ளைக்கு என்ன?"

"வந்துருச்சு பேச்சி. திருகாணி வந்துருச்சு. கையில வச்சுருக்கேன்."

அவள் என்ன சொன்னாள் என்று எழுத முடியாது, அது பேச்சே இல்லை. அழுகையும் சிரிப்புமாகக் கொஞ்ச நேரம். நானும் சேர்ந்துகொண்டேன். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"எப்ப வந்துச்சு?"

இப்பத்தான் என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

"காலைல. நீ வகுப்புக்குப் போகு முன்னாடியே."

"அப்ப ஏன் இம்புட்டு நேரஞ் சொல்லல?"

"சொன்னா நீ வர மாட்ட."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"முடியல பேச்சி" என்றேன். "கத்துனதும் நான்தான். கழத்துனதும் நான்தான். எனக்குப் பிள்ளையப் பாத்துக்கிறத் தெரியல. நீ வந்தாத் தேவலன்னு இருந்துச்சு."

"எனக்கு மட்டும் இங்க என்ன?" குரல் இறங்கிவிட்டது. "ஒருநாளும் ஒழுங்காத் தூங்கல. பாப்பா சட்ட ஒண்ணத் தெரியாமப் பையில எடுத்துட்டு வந்துட்டேன்னு சொன்னேன்ல? தெரியாம இல்ல, தெரிஞ்சேதான் எடுத்துட்டு வந்தேன். நேத்து நீங்க வான்னு சொன்னதும், பயம் ஒரு பக்கம் இருந்தாலும், உள்ளுக்குள்ள எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. எப்பேர்ப்பட்ட தாய் பாருங்க நான்." பிறகு, "இன்னும் கையெழுத்துப் போடல. ஆனா பையெல்லாம் கட்டிட்டேன். வந்துறட்டுமா? ஜனவரி என்ன, கண்ண மூடித் தொறந்தா வந்துரும். நீங்க ஒரு வார்த்த வான்னு சொல்லுங்க, போதும்" என்றாள்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. விரிப்பு மாற்றிய கட்டில் கண்ணெதிரே இருந்தது. அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. நேற்று தானாக வந்த வார்த்தைதான்.

"பைய அவுத்துப்போட்டுப் படி" என்றேன்.

"ஏங்க…"

"எழுதிட்டு வா. வான்னு நான் சொல்ல மாட்டேன்."

"பிள்ள?"

"பிள்ளைக்கு நான் இருக்கேன். இனிமே கத்த மாட்டேன்."

பிறகு, "சரி, வைக்கிறேன். வார்டன் கூப்பிடுறாக" என்றாள். யாரும் கூப்பிட்ட மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் நித்திலா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு இரண்டையும் கால் மாற்றிப் போட்டிருந்தாள். தலையை அவளே தண்ணீர் தொட்டு வாரியிருந்தாள்.

"போலாமாப்பா?"

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இன்னைக்கு அம்மா வரல பாப்பா."

"ஏன்?"

படிப்பு, வண்டி, வேலை என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். "அப்பாதான் வர வேண்டாம்னு சொன்னேன்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை ஓங்கி என் கன்னத்தில் ஒரு அடி வைத்தாள். நல்ல அடி. அடித்துவிட்டு, அதே கன்னத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.